உஷார்! ‘விட்டுட்டாங்க’ என்று வீட்டுக்கு வந்தவர்களே…

நீதிமன்ற வராந்தாவில் அடிக்கடி காதில் விழும் பேச்சு இது. “என்னாச்சுண்ணே?” “விட்டுட்டாங்கப்பா. பாண்டு எழுதி வாங்கிக்கிட்டு அனுப்பிட்டாங்க.” ஆளுக்கொரு டீ குடித்துவிட்டுக் குடும்பமே பஸ் ஏறிவிடுகிறது. அந்தப் பாண்டில் என்ன எழுதியிருந்தது, எத்தனை வருஷத்துக்கு, எதையெல்லாம் செய்யக் கூடாது என்று கேட்டால் ஒருவருக்கும் தெரியாது. நகல் வாங்கினீர்களா என்றால், “வக்கீல்கிட்ட இருக்கும்” என்று பதில் வரும்.

பெரும்பாலும் இருக்காது. ஆறு மாதம் கழித்து வாரண்டோடு போலீஸ் வந்து கதவைத் தட்டும்போதுதான் விஷயம் உறைக்கும். அன்றைக்கு விட்டுவிடவில்லை, தண்டனையைச் சொல்லாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள், அவ்வளவுதான்.

முதலில் 1958-ஆம் ஆண்டின் குற்றவாளிகள் நன்னடத்தைச் சட்டத்தை எடுத்துக்கொள்வோம். தூக்கு அல்லது ஆயுள் தண்டனை விதிக்கக்கூடிய குற்றமாக இல்லாவிட்டால், குற்றத்தின் தன்மையையும் ஆளின் குணத்தையும் பார்த்து, சிறைக்கு அனுப்பாமல் பாண்டின் பேரில் விடுவிக்க அதன் 4-ஆவது பிரிவு நீதிபதிக்கு அதிகாரம் தருகிறது. பாண்டின் காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. ‘கூப்பிடும்போது வந்து தண்டனையைப் பெற்றுக்கொள்வேன், அதுவரை ஒழுங்காக இருப்பேன்’ என்பதுதான் அந்தப் பாண்டின் சாரம். இந்த வரியை ஒருமுறை நிதானமாகப் படித்தாலே பாதி பேர் திடுக்கிட்டுப் போவார்கள். குற்றவாளி என்று தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டது. எத்தனை மாதச் சிறை என்பது மட்டும்தான் பாக்கி.

கூடவே கண்காணிப்பு உத்தரவும் வரலாம். வந்தால் குறைந்தது ஒரு வருஷம் நன்னடத்தை அலுவலரின் பார்வையில் இருக்க வேண்டும். இன்ன இடத்தில்தான் குடியிருக்க வேண்டும், மது தொடக் கூடாது என்பது போன்ற நிபந்தனைகளும் சேரும். அடிதடி வழக்கில் இப்படி வெளியே வந்த ஒருவர், சென்னையில் நல்ல சம்பளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு மதுரையிலிருந்து பெட்டி கட்டுகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அலுவலருக்குச் சொல்லவில்லை, நீதிமன்றத்துக்கும் தெரியாது. உழைத்துப் பிழைக்கத்தான் போனார். ஆனால் காகிதத்தில் அவர் நிபந்தனையை மீறியவர். குடித்துவிட்டு ரகளை செய்பவர்களைவிட, வீடு மாறியதையும் வேலை மாறியதையும் சொல்லாமல் விட்டு மாட்டிக்கொள்ளும் அப்பாவிகளை நினைத்துத்தான் எனக்குக் கவலை.

மீறிவிட்டார் என்று குற்றச்சாட்டு வந்தால் என்ன நடக்கும்? அதைச் சொல்வது 9-ஆவது பிரிவு. நன்னடத்தை அலுவலரின் அறிக்கை வந்தாலும் சரி, வேறு வழியில் தகவல் வந்தாலும் சரி, நீதிமன்றம் வாரண்ட் போடலாம், அல்லது உங்களுக்கும் உங்களுக்கு ஜாமீன் நின்றவருக்கும் சம்மன் அனுப்பலாம். விசாரணை நாள் வரை ரிமாண்டில் வைக்கலாம், ஜாமீனிலும் விடலாம். விசாரித்து முடித்து, மீறல் உண்மைதான் என்று நீதிபதி திருப்தி அடைந்தால், பழைய குற்றத்துக்கான தண்டனையை உடனே விதிக்கலாம். அந்தக் கட்டத்தில் போய், “அய்யா, அந்த அடிதடியே நான் பண்ணலீங்க” என்று அழுது பயனில்லை. அந்தக் கதவு முன்பே மூடிவிட்டது. தீர்ப்பே தவறு என்று நினைப்பவர் அப்போதே முப்பது நாளுக்குள் செஷன்ஸ் நீதிமன்றத்துக்கு மேல்முறையீடு போயிருக்க வேண்டும். ‘ஜெயிலுக்குத்தான் போகலியே, எதுக்கு அப்பீல்’ என்று விட்டவர்கள் கோட்டை விட்டது இங்கேதான்.

இதே 9-ஆவது பிரிவுக்குள்ளேயே தப்பிக்க ஒரு சின்ன வாசலும் இருக்கிறது. பலருக்கு, சில வக்கீல்களுக்குக்கூட, இது சட்டென்று நினைவுக்கு வருவதில்லை. மீறல் முதல் தடவை என்றால், பாண்டை அப்படியே தொடரவிட்டு, ஐம்பது ரூபாய்க்கு மிகாத அபராதத்தோடு நீதிபதி விட்டுவிடலாம். 1958-ல் எழுதிய தொகை, அதனால்தான் இன்றைக்குப் பார்க்கச் சிரிப்பாக இருக்கிறது. ஆனால் சிறைக்கும் வீட்டுக்கும் நடுவே நிற்பது சில சமயம் அந்த ஐம்பது ரூபாய்தான். கேட்டால்தான் கிடைக்கும். கேட்பதற்கு ஆள் வேண்டும். கிடைத்த அபராதத்தையும் குறித்த நாளுக்குள் கட்டாமல் விட்டால், அதையே காரணமாக வைத்துப் பழைய தண்டனையை விதிக்கலாம் என்று அதே பிரிவு சொல்கிறது. ஐம்பது ரூபாய்தானே என்று ரசீதை அலட்சியம் செய்யாதீர்கள்.

இன்னொரு இழப்பும் இருக்கிறது, வெளியே தெரியாது. நன்னடத்தையில் விடுவிக்கப்பட்டவருக்கு, தண்டிக்கப்பட்டவர் என்பதால் சட்டப்படி வரும் தகுதியிழப்பு எதுவும் ஒட்டாது என்று 12-ஆவது பிரிவு பாதுகாப்புக் கொடுக்கிறது. பாண்டை மீறி, பழைய குற்றத்துக்குத் தண்டனை வாங்கிவிட்டால் அந்தப் பாதுகாப்பும் போய்விடும். அரசு வேலைக்குக் காத்திருக்கும் பையனின் அப்பா அம்மா இதை இரண்டு தடவை படிக்க வேண்டும். பாதுகாப்பு இருக்கும்போதுகூட அது எல்லாவற்றுக்கும் கவசம் இல்லை. குற்றத் தீர்ப்பு அழிந்துவிடாது என்று உச்ச நீதிமன்றம் பலமுறை சொல்லியிருக்கிறது.

சரி, எதிர்வாதம் என்ன? இருக்கிறது. நிறையவே இருக்கிறது. கண்காணிப்பு உத்தரவு போடும்போது நிபந்தனைகளை நீதிமன்றம் குற்றவாளிக்கு விளக்கிச் சொல்ல வேண்டும். அவருக்கும், ஜாமீன்தாரருக்கும், அலுவலருக்கும் ஆளுக்கொரு நகல் உடனே கொடுக்க வேண்டும். சட்டமே இப்படி எழுதியிருக்கிறது. விளக்கவும் இல்லை, நகலும் தரவில்லை என்றால் வக்கீல் வாதிட வேண்டிய முதல் விஷயம் அதுதான். அலுவலரின் அறிக்கை தீர்ப்பாகிவிடாது. நீதிபதி உங்கள் தரப்பையும் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும். அறிக்கையில் என்ன நாள், எந்த நிபந்தனை, யார் பார்த்தது என்று இருக்கிறதா? ‘நடத்தை திருப்தியில்லை’ என்று மொட்டையாக ஒரு வரி மட்டும் இருந்தால், எதை மீறினார் என்று கேட்க உங்களுக்கு உரிமை இருக்கிறது.

அலுவலர் வரச் சொன்ன நாளில் ஏன் வரவில்லை என்பதற்கு ஆஸ்பத்திரிச் சீட்டு, அம்மாவின் இறப்புச் சான்று, பஸ் டிக்கெட், முதலாளி கொடுத்த கடிதம் என்று எதுவும் உதவும். வேண்டுமென்றே மீறியவரையும் முடியாமல் போனவரையும் ஒரே தட்டில் வைக்க எந்த நீதிபதியும் விரும்புவதில்லை. ஆனால் காகிதம் இல்லாமல் வாயால் சொன்னால் எதுவும் நிற்காது. வேலைக்காக ஊர் மாற வேண்டியிருந்தால் முன்கூட்டியே அலுவலரிடம் எழுத்தில் கொடுங்கள். நிபந்தனையை மாற்றச் சொல்லி நீதிமன்றத்தில் மனுப் போட 8-ஆவது பிரிவு அலுவலருக்கு வழி தருகிறது. நடத்தை நன்றாக இருந்தால் பாண்டையே ரத்து செய்யச் சொல்லியும் அவர் கேட்கலாம். ஆகவே அவரைப் பார்த்து ஒளிந்து ஓடுவது முட்டாள்தனம். வேலை தேடித் தர முயல்வதும் சட்டம் அவருக்கு விதித்த கடமை என்று எத்தனை பேருக்குத் தெரியும்?

இதுவரை சொன்னது நீதிமன்றத்தில் நடப்பது. அங்கே நீதிபதி இருக்கிறார், குற்றம் நிரூபணம் ஆகியிருக்கிறது, ஏதோ ஒரு ஒழுங்கு இருக்கிறது. இனி வருவதுதான் உண்மையிலேயே வயிற்றைக் கலக்கும் விஷயம்.

“அவன் மேல 110 போட்டுட்டாங்க.” தமிழ்நாட்டில் போலீஸ் நிலையப் பக்கம் போய் வந்த எவருக்கும் இந்த வாக்கியம் தெரியும். பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 107, 110 ஆகிய பிரிவுகள் 2024 ஜூலை 1 முதல், அதற்குப் பதிலாக வந்த பி.என்.எஸ்.எஸ். சட்டத்தில் 126, 129 ஆகிவிட்டன. எண் மாறினாலும் வாய் மாறவில்லை, இன்னும் 110 தான். அமைதியைக் குலைப்பார் என்று சந்தேகப்பட்டால் ஒரு வருஷம் வரைக்கும், வழக்கமான குற்றவாளி என்று கருதினால் மூன்று வருஷம் வரைக்கும் நன்னடத்தைப் பாண்டு வாங்கலாம். கவனியுங்கள், இதற்குக் குற்றம் நிரூபணம் ஆகியிருக்க வேண்டியதில்லை. இனிமேல் செய்வான் என்ற எண்ணமே போதும். தேர்தல் நெருங்கும்போதும், கோயில் திருவிழாவில் இரண்டு தெருவுக்குள் உரசல் வரும்போதும் பட்டியல் போட்டு வரவழைத்து வரிசையாகக் கையெழுத்து வாங்குவார்கள். இருபது வருஷத்துக்கு முன்னால் ஒரு வழக்கில் பெயர் வந்தவர், இப்போது பேரன் பேத்தி எடுத்தவர்கூட அந்த வரிசையில் நிற்பார்.

வாங்குபவர் நீதிபதி இல்லை. கோட்டாட்சியர், தாசில்தார் போன்ற நிர்வாக நடுவர். சென்னை போன்ற மாநகரங்களில் காவல் துணை ஆணையரே அந்த நாற்காலியில் உட்கார்ந்தார். அதாவது, புகார் சொன்னதும் போலீஸ், விசாரித்ததும் போலீஸ், மீறினாய் என்று முடிவு கட்டிச் சிறைக்கு அனுப்பியதும் போலீஸ். கொஞ்சம் யோசித்துப் பாருங்கள்! அப்படிச் சிறைக்குப் போனவர்களின் சீராய்வு மனுக்கள் சென்னை உயர் நீதிமன்றத்தில் குவிந்தன. 2023 மார்ச்சில் அந்த நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் அமர்வு, துணை ஆணையர்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்த 2013, 2014-ஆம் ஆண்டு அரசாணைகள் செல்லாது என்றது. நிர்வாக நடுவர் தானே பாண்டு மீறலை விசாரித்துச் சிறைக்கு அனுப்ப முடியாது என்றும் சொன்னது. பாண்டு மீறல் என்று பிடித்துக்கொண்டு போகும் எந்த வழக்கிலும் உங்கள் வக்கீல் முதலில் எடுத்து வைக்க வேண்டிய தீர்ப்பு அது. அவருக்குத் தெரியாது என்றால் நீங்களாவது சொல்லுங்கள், தவறில்லை.

தீர்ப்பு வந்துவிட்டதே, இனி என்ன பயம் என்று காலை நீட்டிப் படுக்காதீர்கள். பாண்டு எழுதி வாங்குவது நிற்கவில்லை. மீறல் நிரூபணமானால் பாண்டின் மிச்ச காலம் முழுவதும் சிறையில் வைக்கலாம் என்ற ஏற்பாடு, பழைய சட்டத்தில் 122, புதியதில் 141-ஆக, சட்டப் புத்தகத்தில் உட்கார்ந்திருக்கிறது. இதில் உள்ள கணக்குதான் கொடுமை. ஒரு வருஷப் பாண்டில் பதினோராம் மாதம் மீறியதாகச் சொன்னால் ஒரு மாதம் உள்ளே. இரண்டாம் மாதம் மீறியதாகச் சொன்னால் பத்து மாதம். செய்த காரியம் இரண்டிலும் ஒன்றாகவே இருக்கலாம். மீறலாகச் சொல்லப்பட்ட அந்தப் புது வழக்கு தனியாக நடக்கும், அதற்குத் தண்டனை வந்தால் அது வேறு.

இந்தப் புது வழக்கு விஷயத்தில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். பாண்டு கொடுத்த பிறகு ஒரு எஃப்.ஐ.ஆர். விழுந்தால், அவ்வளவுதான், மீறிவிட்டேன் என்று அவர்களே ஒப்புக்கொள்கிறார்கள். நன்னடத்தைப் பாண்டை மீறுவது என்றால் சிறைத் தண்டனைக்குரிய ஒரு குற்றத்தைச் செய்வது, செய்ய முயல்வது, அல்லது செய்யத் தூண்டுவது. எஃப்.ஐ.ஆர். என்பது ஒருவர் சொன்ன புகாரை எழுதிக்கொண்ட தாள். அதுவே நிரூபணம் ஆகாது. மீறல் ‘நிரூபிக்கப்பட்டால்’ என்றுதான் சட்டம் சொல்கிறது. சாட்சி யார், பார்த்தவர் யார், அவர்களைக் குறுக்கு விசாரணை செய்ய வாய்ப்புக் கொடுத்தார்களா, எதிர்ச்சாட்சி கொண்டுவர நேரம் தந்தார்களா? இந்தக் கேள்விகளுக்கு இல்லை என்று பதில் வந்தால் அந்த உத்தரவு உயர் நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம்.

பாண்டே சரியாக வாங்கப்பட்டதா என்றும் பின்னோக்கிப் போய்ப் பார்க்க வேண்டும். கிடைத்த தகவலின் சாரம் என்ன, எவ்வளவு தொகை, எவ்வளவு காலம் என்று எழுத்தில் ஒரு முதல் உத்தரவு இருக்க வேண்டும். 1970-ல் மது லிமாயே வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதை அழுத்திச் சொன்னது. விசாரணை தொடங்காமலே இடைக்காலப் பாண்டு கேட்கக் கூடாது என்றும் சொன்னது. தொடங்கிய விசாரணை ஆறு மாதத்துக்குள் முடிய வேண்டும். நீட்டிக்க வேண்டுமானால் தனிக் காரணம் எழுத வேண்டும். தொகையும் ஆளின் சக்திக்கு மீறி இருக்கக் கூடாது. கூலி வேலை செய்பவரிடம் லட்ச ரூபாய்ப் பாண்டு கேட்டால் அதையே எதிர்க்கலாம். ஆனால் நடைமுறையில் அச்சடித்த படிவத்தில் பெயரை மட்டும் நிரப்பி நீட்டுகிறார்கள், இவரும் ‘சார் சொல்றாரு’ என்று போட்டுவிடுகிறார். அதனால்தான் சொல்கிறேன், படிக்காமல் கையெழுத்துப் போடாதீர்கள். தேதி போடாத தாள், பாதி காலியான தாள், வெறும் வெள்ளைத் தாள் எதிலும் பேனா வைக்காதீர்கள். “பின்னால் நிரப்பிக்கிறோம்” என்று ஏட்டய்யா எவ்வளவு அன்பாகச் சொன்னாலும் சரி.

ராத்திரி வந்து கூப்பிட்டால்? எதற்கு, எந்த வழக்கு, வாரண்டா சம்மனா என்று கேளுங்கள். மரியாதையாகவே கேட்கலாம், குரலை உயர்த்த வேண்டியதில்லை. கூட்டிக்கொண்டு போகிறார்கள் என்றால் யார், எந்த நிலையம், மணி என்ன என்று வீட்டில் ஒருவர் குறித்து வைக்க வேண்டும். கைது செய்தால் பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர் முன்னால் நிறுத்த வேண்டும். அங்கே நிற்கும்போது வாயைத் திறந்து, “அய்யா, எனக்கு வக்கீல் வேணும்” என்று சொல்லுங்கள். காசில்லை என்றால் அதையும் சொல்லுங்கள். காவலில் இருப்பவருக்கு இலவச வக்கீல் பெற 1987-ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டம் உரிமை தருகிறது. பெண்கள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர் ஆகியோருக்கு வருமானம் எவ்வளவு என்று பார்க்காமலே உண்டு. கேட்கவில்லை என்பதைக் காரணமாகக் காட்டி மறுக்கக் கூடாது என்று 1986-லேயே சுக் தாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகம் இருக்கும். போனில் 15100.

அந்த அலுவலகத்தைத் தாண்டி வாசலிலேயே நின்று, “அண்ணே, நான் முடிச்சுத் தர்றேன், எஸ்.ஐ. நமக்கு வேண்டியவர்தான்” என்று தோளில் கைபோடும் ஆசாமிகளிடம் பணம் கொடுக்கவே கொடுக்காதீர்கள். அவர் பெயர் எந்த வக்காலத்திலும் இருக்காது. உங்கள் வாய்தா தேதி அவருக்குத் தெரியாது. நீங்கள் ஆஜராகாமல் போனால் வாரண்ட் வருவது உங்கள் பெயருக்குத்தான்.

கண்டிஷன் பெயிலில் இருப்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. வழக்கு இன்னும் முடியவில்லை என்பதால் இது நன்னடத்தை விடுவிப்பில் சேராது, ஆனால் மாட்டும் விதம் ஒன்றுதான். தினம் காலை 10.30 மணிக்கு நிலையத்தில் கையெழுத்து என்று உத்தரவு இருந்தால், 10.30 என்றால் 10.30. பதிவேட்டில் கையெழுத்துப் போட விடாமல், “நாளைக்கு வா” என்று திருப்பி அனுப்பினால் அன்றைக்கே வக்கீலுக்குச் சொல்லுங்கள். அன்றைக்கே நிலைய முகவரிக்கு ஒப்புகையோடு ஸ்பீடு போஸ்ட் போடுங்கள். ஒரு வாரம் கழித்து ‘வரவே இல்லை’ என்று மனுத் தாக்கலானால் உங்கள் பக்கம் பேச அந்த ஒப்புகைதான் இருக்கும். நிபந்தனையை மீறினால் நடுவரே நடவடிக்கை எடுக்கலாம் என்ற வரி உயர் நீதிமன்றத்தின் ஜாமீன் உத்தரவுகளில் வழக்கமாகவே வரும். ஊரைவிட்டே போய்விட்டால் ஜாமீன் ரத்தாவதோடு, ஆஜராகாததற்காகத் தனி வழக்கும் விழும். காய்ச்சலில் கிடந்தேன், தாத்தா செத்துப்போனார் என்பதெல்லாம் உண்மையாகவே இருக்கட்டும், நிபந்தனையைத் தளர்த்தச் சொல்லி மனுப் போட்டால்தான் நீதிமன்றத்துக்குத் தெரியும்.

கடைசியாக, ஜாமீன் நின்றவர்கள். மச்சான் கேட்டான், சித்தப்பா பையன் கேட்டான் என்று ஆதார் நகலையும் வீட்டுவரி ரசீதையும் கொடுத்துவிட்டு மறந்துபோகும் நல்லவர்களே, உஷார். அவன் பாண்டை மீறினால் சம்மன் உங்களுக்கும் வரும். பாண்டுத் தொகையை ஏன் கட்டக் கூடாது என்று காரணம் காட்டச் சொல்வார்கள். பதில் சொல்லாமல் இருந்தால் அபராதம்போல் வசூலிப்பார்கள். வசூலிக்க முடியாவிட்டால் உங்களைச் சிவில் சிறையில் ஆறு மாதம் வரைக்கும் வைக்கச் சட்டத்தில் இடமிருக்கிறது. நோட்டீஸ் வந்ததும் நேரில் போய், ஆளைத் தேடிக் கொண்டுவர நீங்கள் எடுத்த முயற்சியை எழுத்தில் கொடுத்தால், தொகையில் ஒரு பகுதியைத் தள்ளுபடி செய்ய நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு. ஜாமீன் நின்றது விசாரணை நடக்கும் வழக்கில் என்றால், ஆள் கைமீறிப் போகிறான் என்று தெரிந்த உடனே, ஓடிப்போகும் வரை காத்திருக்காமல், உங்களை ஜாமீனிலிருந்து விடுவிக்கச் சொல்லி மனுப் போடலாம். மச்சான் கோபித்துக்கொண்டால் கோபித்துக்கொள்ளட்டும்.